நிலத்தடிப் பாறை மாறினால் புவிவெப்ப உற்பத்தி ஏன் இவ்வளவு மாறுகிறது?

கேள்வி இதுதான்: பூமிக்குள் ஆழம் போகப் போகச் சூடு கூடுகிறது என்றால் எங்கே தோண்டினாலும் மின்சாரம் எடுக்க முடிய வேண்டுமே. பிறகு ஏன் ஒரு கிணறு பல ஆண்டுகள் நன்றாக ஓடுகிறது, அதே பாறை அடுக்கில் கொஞ்சம் தள்ளித் தோண்டிய இன்னொன்று எதற்கும் உதவாமல் போகிறது? பாறையில் உள்ள மாறுபாடு அவ்வளவு பெரிய விஷயமா?

ஆமாம், அவ்வளவு பெரிய விஷயம்தான். என்னைக் கேட்டால், புவிவெப்பத் துறையில் பணம் போட்டு நொந்தவர்களில் பெரும்பாலானோர் சூடு இல்லாமல் நொந்தவர்கள் இல்லை. சூடு கிடைத்தது, அதை மேலே கொண்டுவர நீர் போகும் வழி கிடைக்கவில்லை. அல்லது வழி கிடைத்தது, ஆனால் எல்லா நீரும் ஒரே வழியில் ஓடி, அந்த வழியை மட்டும் குளிர வைத்துவிட்டது. இந்த இரண்டும் பாறை ஒரே சீராக இல்லாததால் வருபவை.

முதலில் தேவை என்ன என்று பார்த்துவிடுவோம். பொதுவாக ஒரு கிணறு வழியே (செலுத்தும் கிணறு) குளிர்ந்த நீரைப் பாறைக்குள் இறக்கி, சூடான நீரை இன்னொரு கிணறு வழியே (உற்பத்திக் கிணறு) மேலே எடுப்பார்கள். 150 டிகிரி செல்சியஸ் நீரை மேலே எடுத்து, 70 டிகிரி வரை குளிர வைத்து, அந்த வெப்பத்தில் 12 சதவீதத்தை மின்சாரமாக மாற்றுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1 மெகாவாட்டுக்கு விநாடிக்குச் சுமார் 25 லிட்டர் நீர் வேண்டும். 5 மெகாவாட் வேண்டும் என்றால் விநாடிக்கு 125 லிட்டர், அதுவும் 25, 30 ஆண்டுகள் நிற்காமல், சூடு குறையாமல் வர வேண்டும். பம்பு எடுத்துக்கொள்ளும் மின்சாரம் இதில் சேரவில்லை. மூன்று நான்கு கிலோமீட்டர் ஆழத்தில், சில அங்குல அகலக் கிணற்றுக்குள், கல்லுக்குள்ளிருந்து இவ்வளவு நீர் வந்து சேர வேண்டும் என்பதை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். பாறை எப்படிப்பட்டது என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும் என்பது அப்போதே புரிந்துவிடும்.

சரி, பாறையில் என்னென்ன மாறுகிறது? வெப்பக் கடத்துதிறன் மாறுகிறது. களிப்பாறைக்கு ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 1.5 வாட் அளவு, கிரானைட்டுக்கு 2.5 முதல் 3.5 வரை, உப்புப் பாறைக்கும் குவார்ட்ஸ் நிறைந்த பாறைக்கும் 5, 6 வரைகூடப் போகும். நிலக்கரிதான் கடைசி, 0.3 அளவு. பூமிக்குள்ளிருந்து மேலே வரும் வெப்பம் ஒரு சதுர மீட்டருக்கு 65 மில்லிவாட் என்று எடுத்துக்கொண்டால், கடத்துதிறன் 2.5 உள்ள பாறையில் கிலோமீட்டருக்கு 26 டிகிரி கூடும், 1.5 உள்ள களிப்பாறையில் 43 டிகிரி கூடும். அதனால் மேலே களிப்பாறையும் நிலக்கரியும் கனமான போர்வை மாதிரி மூடியிருந்து, கீழே கிரானைட் இருந்தால், அந்த கிரானைட் வழக்கத்தைவிடச் சூடாக இருக்கும். கிரானைட்டிலேயே யுரேனியமும் தோரியமும் பொட்டாசியமும் கொஞ்சம் அதிகமாக இருந்தால் இன்னும் நல்லது, அதுவே உள்ளிருந்து வெப்பம் கொடுத்துக்கொண்டிருக்கும். ஆஸ்திரேலியாவின் கூப்பர் படுகையில் 4 கிலோமீட்டருக்குச் சற்றுக் கீழே 240 டிகிரிக்கு மேல் கிடைத்ததற்கு இந்த இரண்டும் சேர்ந்துதான் காரணம். பக்கத்தில் எரிமலை எதுவும் இல்லை.

ஆனால் கவனியுங்கள், நிலக்கரியை விட்டுவிட்டால், வெப்பக் கடத்துதிறன் பாறைக்குப் பாறை மாறுவது இரண்டு மூன்று மடங்கு, மிஞ்சிப்போனால் ஐந்து மடங்கு. ஊடுருவுதிறன், அதாவது பாறை தன்னுள் நீரை எவ்வளவு எளிதாக ஓட விடுகிறது என்பது, அப்படி மாறுவதில்லை. உடையாத கிரானைட் துண்டுக்கும் அதே கிரானைட்டில் பத்து மீட்டர் தள்ளி நொறுங்கிக் கிடக்கும் பட்டைக்கும் நடுவே லட்சம் மடங்கு, பத்து லட்சம் மடங்கு வித்தியாசம் சாதாரணம். பெயர் ஒன்றுதான், வரைபடத்தில் நிறமும் ஒன்றுதான், நீருக்கு மட்டும் அவை இரண்டும் வேறு வேறு உலகம்.

இதற்குக் காரணம் எளிய கணக்கு. ஒரு வெடிப்புக்குள் ஓடும் நீரின் அளவு, அந்த வெடிப்பின் இடைவெளியின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. இடைவெளி இரண்டு மடங்கானால் நீர் எட்டு மடங்கு, பத்து மடங்கானால் ஆயிரம் மடங்கு. 0.1 மில்லிமீட்டர் வெடிப்புகள் பத்து இருக்கின்றன, 1 மில்லிமீட்டர் வெடிப்பு ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். மொத்தத் திறப்பு இரண்டிலும் ஒன்றே. ஆனால் அந்த ஒற்றை வெடிப்பு பத்தும் சேர்ந்து கொண்டுபோவதைப் போல நூறு மடங்கு நீரைக் கொண்டுபோகும். நிலத்தடியில் ஆயிரம் வெடிப்புகள் இருந்தாலும் நீர் இரண்டு மூன்றில் மட்டும் ஓடுவது இதனால்தான். பிரான்ஸின் சூல்ட்ஸ் என்ற இடத்தில் 5 கிலோமீட்டர் ஆழத்துக்கு கிரானைட்டில் இறங்கினார்கள். அங்கே ஒரு கிணற்றில் செலுத்திய நீரில் சுமார் 70 சதவீதம், 4.7 கிலோமீட்டர் ஆழத்தில் இருந்த ஒரே ஒரு வெடிப்பு மண்டலத்துக்குள் போனது. கிணற்றின் மற்ற நூற்றுக்கணக்கான மீட்டர் நீளமும் மீதியைப் பங்கு போட்டுக்கொண்டது.

சராசரி என்ற சொல் இந்தத் துறையில் எப்படி ஏமாற்றும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் திட்ட அறிக்கைகளில் நிறையப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். மூன்று பாறை மாதிரிகள் எடுத்தீர்கள், ஊடுருவுதிறன் 1000, 10, 0.1 மில்லிடார்சி (ஊடுருவுதிறனை அளக்கும் அலகு) என்று வந்தது. நீர் மூன்று அடுக்குகளின் நெடுக்கில் ஓடினால் பலன் தரும் மதிப்பு சுமார் 337. அதே அடுக்குகளை ஒன்றன்பின் ஒன்றாகக் குறுக்கே கடக்க வேண்டும் என்றால் அது சுமார் 0.3. தாறுமாறாகக் கலந்து கிடந்தால் 10க்குப் பக்கத்தில் இருக்கும். மாதிரிகள் மாறவில்லை, அவை எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பது மட்டும் மாறியது, பதில் ஆயிரம் மடங்கு மாறிவிட்டது. பாறை மாதிரியைச் சோதனைக்கூடத்தில் அளந்த எண்ணை மட்டும் காட்டி "இந்த அடுக்கு நல்ல அடுக்கு" என்று யாராவது சொன்னால், எந்தத் திசையில் என்று கேளுங்கள்.

ஜெர்மனியின் தெற்கே மியூனிக் நகரைச் சுற்றி மால்ம் என்று அழைக்கப்படும் சுண்ணாம்புக்கல் அடுக்கு இருக்கிறது. உன்டர்ஹாகிங்கில் 3,350 மீட்டர் ஆழத்தில் 122 டிகிரி நீர், விநாடிக்கு 150 லிட்டர் கிடைத்தது. அருமையான கிணறு. அதே படுகையில் இன்னும் தெற்கே, அடுக்கு மேலும் ஆழமாகப் போகும் கெரெட்ஸ்ரீடில் 2013ல் தோண்டியபோது வெப்பம் உன்டர்ஹாகிங்கைவிட அதிகமாகவே இருந்தது, நீர்தான் போதவில்லை. சுண்ணாம்புக்கல் ஓரிடத்தில் கரைந்து குகை குகையாக, ஓட்டை ஓட்டையாக இருக்கும், இன்னோரிடத்தில் இறுகிக் கெட்டியாகிவிடும். மேலேயிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே அடுக்குதான். அந்தக் கெரெட்ஸ்ரீடில் பிறகு வேறு முறைக்குப் போனார்கள். பாறைக்குள் நீரை விடாமல், மூடிய சுற்றாகத் துளைகளைத் தோண்டி அதற்குள்ளேயே நீரைச் சுற்ற விடுவது. ஊடுருவுதிறன் பிரச்சினை இதில் அடியோடு போய்விடும், உண்மை. ஆனால் அப்போது வெப்பம் வெறும் கடத்தலால் மட்டுமே துளையின் சுவருக்கு வந்து சேர வேண்டும். பாறைக்கும் உள்ளே ஓடும் நீருக்கும் 100 டிகிரி வித்தியாசம் வைத்தாலும், நீண்ட காலத்தில் ஒரு மீட்டர் துளைக்குச் சுமார் 300 வாட்தான் கிடைக்கும். அதனால்தான் அந்த முறையில் பத்துக்கணக்கான கிலோமீட்டர் துளை போட வேண்டியிருக்கிறது.

இனி எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் இடத்துக்கு வருகிறேன். நீர் ஓடிவிட்டால் மட்டும் போதாது, ஓடும் வழியில் எவ்வளவு பாறையைத் தொடுகிறது என்பதுதான் கிணற்றின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

பாறைக்குள் வெப்பம் நகர்வது மிக மெதுவாக. ஒரு ஆண்டில் ஐந்தாறு மீட்டர், 30 ஆண்டில் சுமார் 30 மீட்டர், அவ்வளவுதான். அதாவது ஒரு வெடிப்பில் குளிர்ந்த நீர் 30 ஆண்டுகள் ஓடினால், அந்த வெடிப்பின் இரண்டு பக்கமும் சுமார் 30 மீட்டர் வரை உள்ள பாறைதான் தன் வெப்பத்தைக் கொடுக்க முடியும். அதற்கு அப்பால் இருக்கும் பாறைக்கு இங்கே நீர் ஓடுகிறது என்பதே தெரியாது.

இப்போது 500 மீட்டர் நீளம், அகலம், உயரம் உள்ள ஒரு பாறைத் தொகுதியை எடுத்துக்கொள்வோம். இதை 100 டிகிரி குளிர வைத்தால் 30 ஆண்டுகளுக்குச் சுமார் 30 மெகாவாட் வெப்பம் கிடைக்கும். நடுவில் ஒரே ஒரு பெரிய வெடிப்பு, எல்லா நீரும் அதில்தான் ஓடுகிறது என்றால்? 500 மீட்டரில் 60 மீட்டர் தடிமன் மட்டும் பயன்படும். 3.6 மெகாவாட் வெப்பம், மின்சாரமாக அரை மெகாவாட்டுக்கும் குறைவு. 88 சதவீதம் வெப்பம் அங்கேயே இருக்கிறது, நம் நீர் அதைத் தொடவில்லை. அதே தொகுதியில் 50 மீட்டருக்கு ஒரு வெடிப்பு என்று பத்து வெடிப்புகள் இருந்து, நீர் பத்திலும் ஓரளவு சமமாகப் பிரிந்தால், கிட்டத்தட்ட முழுத் தொகுதியும் வேலை செய்யும். இது தோராயக் கணக்குதான், ஆனாலும் விஷயம் இதில் தெளிவாகத் தெரியும். இரண்டிலும் பாறையின் வெப்பம் ஒன்று, ஒரு நாளில் செலுத்தும் நீரின் அளவுகூட ஒன்றாக இருக்கலாம், முதல் மாதத்தில் அளந்தால் வெப்பநிலையும் ஒன்றாகத்தான் இருக்கும். ஐந்தாவது ஆண்டில் ஒன்று படுத்துவிடும், இன்னொன்று ஓடிக்கொண்டிருக்கும். முதல் சில வாரச் சோதனையை மட்டும் வைத்துக் கொண்டாடக் கூடாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இன்னொன்று, இந்தப் பிரச்சினை தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும். குளிர்ந்த நீர் ஓடும் வெடிப்பைச் சுற்றியுள்ள பாறை குளிர்ந்து சுருங்குகிறது. சுருங்கினால் வெடிப்பு இன்னும் திறக்கிறது. திறந்தால், மேலே சொன்ன மும்மடிக் கணக்குப்படி இன்னும் அதிக நீர் அதில் ஓடுகிறது. செலுத்தும் கிணற்றில் நீர் இறங்குவது மாதத்துக்கு மாதம் எளிதாகிக்கொண்டே போகும், பம்பு அழுத்தம் குறையும், எல்லாரும் மகிழ்ச்சியாக இருப்பார்கள். அந்த மகிழ்ச்சியான நேரத்திலேயே ஒரு குறுக்கு வழி உருவாகிக்கொண்டிருக்கலாம். மணற்பாறை மாதிரி துளைகள் பரவலாக உள்ள பாறையில் இந்த ஆபத்து குறைவு. அங்கே நீர் ஒவ்வொரு மணல்துகளையும் தொட்டுக்கொண்டு நகர்வதால், 20 சதவீதம் துளை உள்ள பாறையில் குளிர்ச்சியின் முன்முனை நீரின் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு வேகத்தில்தான் நகரும். நீர் வந்து சேர்ந்த பிறகும் நெடுநாள் சூடாகவே வரும்.

பாரிஸ் படுகையின் டாக்கர் சுண்ணாம்புக்கல் அடுக்கு இதற்கு நல்ல உதாரணம். 1969ல் மெலூனில் தொடங்கி, ஒன்றரை முதல் இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் 55 முதல் 85 டிகிரி வரையுள்ள நீரை எடுத்து வீடுகளுக்கு வெப்பம் கொடுக்கிறார்கள். ஒரு கிணற்றில் எடுத்து, குளிர்ந்ததை இன்னொன்றில் திருப்பிவிடும் இணை முறை. அங்கே நீர் ஓடும் அடுக்குகள் மெல்லியவை, நடுநடுவே இறுகிய அடுக்குகள். பழைய கணக்குகள் பலவும் நீர் ஓடும் அடுக்கை ஒரே தட்டையான பலகையாக எடுத்துக்கொண்டன. உண்மையில் நடுவே இருக்கும் இறுகிய அடுக்குகளும் மெல்ல மெல்ல வெப்பத்தைக் கொடுத்ததால், பல இணைகளில் குளிர்ச்சி எதிர்பார்த்ததைவிடத் தாமதமாகத்தான் தலைகாட்டியது. ஆகவே மாறுபாடு எப்போதும் கெடுதல் செய்யும் என்று நினைத்துவிடாதீர்கள். மாறுபாடு எந்த அளவில் இருக்கிறது என்பது முக்கியம். இரண்டு மூன்று மீட்டருக்கு ஒரு மாறுபாடு என்றால் வெப்பம் அதை எட்டிப்பிடித்துவிடும். 300 மீட்டருக்கு ஒன்று என்றால் நம் ஆயுளில் எட்டாது.

குறுக்கு வழி இருக்கிறதா என்று முன்கூட்டியே கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி உண்டு. செலுத்தும் கிணற்றில் ஒளிரும் சாயம் மாதிரி ஒரு பொருளைக் கலந்துவிட்டு, உற்பத்திக் கிணற்றில் எப்போது, எவ்வளவு வருகிறது என்று பார்ப்பார்கள். மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வந்தால் நிம்மதி. ஓரிரு நாளில் குபீரென்று வந்து உச்சம் தொட்டுவிட்டால், நடுவில் நேர்வழி இருக்கிறது என்று அர்த்தம், குளிர்ச்சி பின்னாலேயே வரும். பிலிப்பைன்ஸின் பாலின்பினோன் களத்தில் தொடக்க ஆண்டுகளில் திருப்பிவிட்ட நீர் பிளவுகள் வழியே வேகமாக உற்பத்திக் கிணறுகளுக்குத் திரும்பி அவற்றைக் குளிர வைத்தது, பிறகு செலுத்தும் இடத்தைத் தள்ளிக்கொண்டு போனார்கள். வேண்டாம் என்று நிறுத்திவிடவும் முடியாது, ஏனென்றால் நீரைத் திருப்பிவிடாவிட்டால் அழுத்தம் சரியும். கலிபோர்னியாவின் கெய்சர்ஸ் களத்தில் நடந்தது அதுதான். அங்கே நீராவி நிறைந்த பாறையைச் சுற்றி இறுகிய பாறை மூடியிருப்பதால் வெளியிலிருந்து நிலத்தடி நீர் உள்ளே வர வழியில்லை. நீராவிக் களமாக அது உருவானதற்கே அந்த மூடல் ஒரு காரணம். 1980களில் கிணறுகளைக் கூட்டிக்கொண்டே போனபோது அழுத்தம் சரிந்ததற்கும் அதே மூடல்தான் காரணம். பிறகு 1997லிருந்து லேக் மாவட்டத்தின் சுத்திகரித்த கழிவுநீரையும், 2003லிருந்து சான்டா ரோசா நகரத்தின் கழிவுநீரையும் குழாய் போட்டுக் கொண்டுவந்து உள்ளே விட்டார்கள், சரிவு தணிந்தது.

வழியே இல்லாத பாறையில் நாமே வழி உண்டாக்கலாம் என்ற முயற்சிக்கு ஐம்பது வயதாகிறது. நியூ மெக்சிகோவின் ஃபென்டன் ஹில்லில் 1970களில் தொடங்கினார்கள். பாறை ஒரே சீரானது, அழுத்த நீரை விட்டால் செங்குத்தாக வெடிப்பு பிறக்கும், அது மேலே உள்ள கிணற்றைத் தொடும் என்பது அவர்கள் கணக்கு. 1983ல் சுமார் 21,000 கன மீட்டர் நீரை உள்ளே அழுத்தினார்கள். பாறை திறந்தது, ஆனால் அவர்கள் நினைத்த திசையில் திறக்கவில்லை. ஏற்கெனவே அங்கே இருந்த பழைய வெடிப்புகளும் அந்த ஆழத்தின் இயல்பான அழுத்தத் திசைகளும் முடிவு செய்த திசையில் திறந்தது. இரண்டு கிணறுகளும் இணையவில்லை. கடைசியில் சிறு அதிர்வுகளைக் கேட்டு, திறந்த பாறை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, கிணற்றை அதற்குள் திருப்பித் தோண்டினார்கள். அன்றிலிருந்து இந்தத் துறையில் நடைமுறை மாறியது: முதலில் ஒரு கிணறு, பாறையைத் திறப்பது, அதிர்வுகளைக் கேட்பது, அப்புறம்தான் இரண்டாவது கிணறு. என்னைப் பொறுத்தவரை இந்தத் துறை கற்ற மிகப் பயனுள்ள பாடம் இது. மேலே சொன்ன ஆஸ்திரேலியக் கூப்பர் படுகையின் ஹபனேரோவில் திறந்தது பரந்த வெடிப்பு வலை இல்லை, கிட்டத்தட்டப் படுக்கையாகக் கிடந்த ஒற்றைப் பிளவுப்பெயர்ச்சி (பாறை உடைந்து இரு பக்கமும் ஒன்றையொன்று உரசி நகர்ந்த பிளவு) என்று தெரிந்தது. 2013ல் 1 மெகாவாட் மாதிரி நிலையம் சில மாதங்கள் ஓடியது, அதோடு நின்றது.

இப்போதைய முயற்சிகள் இந்த ஒற்றை வெடிப்புப் பிரச்சினையை நேராகப் பிடிக்கின்றன. நெவாடாவில் ஃபெர்வோ நிறுவனம் 2023ல் இரண்டு கிணறுகளைக் கிடைமட்டமாகச் சுமார் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குத் தோண்டி, ஒவ்வொரு பகுதியாக அடைத்து அடைத்துத் திறந்து, நிறைய வெடிப்புகளை வரிசையாக உண்டாக்கியது. 30 நாள் சோதனையில் விநாடிக்கு 63 லிட்டர் ஓடியது, 3.5 மெகாவாட்டுக்கு ஈடானது. முழுக் கிணற்றையும் ஒரே தடவை அழுத்தினால் இருப்பதிலேயே பலவீனமான ஒரு வெடிப்பு எல்லா நீரையும் விழுங்கிவிடும், பகுதி பகுதியாகச் செய்தால் ஒவ்வொன்றுக்கும் பங்கு கிடைக்கும். மேலே சொன்ன 50 மீட்டர் கணக்கைச் செயலில் காட்டும் முறை இது. எனக்கு இதில் நல்ல நம்பிக்கை உண்டு. பத்து ஆண்டு ஓடிய பிறகும் நீர் எல்லா வெடிப்புகளிலும் பிரிந்தே ஓடுகிறதா, ஒன்றிரண்டில் சேர்ந்துகொள்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது.

பிளவுப்பெயர்ச்சிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெரிய பிளவு எங்கே இருக்கிறதோ அங்கே நீர் ஓடும் என்று தோன்றும். நெவாடாவை உள்ளடக்கிய கிரேட் பேசின் பகுதியில் ஆராய்ந்தபோது வேறு விதமாகத் தெரிந்தது. பிளவு அதிகமாக நகர்ந்திருக்கும் நடுப்பகுதியில் பாறை அரைபட்டுக் களிமண்ணாகி வழியை அடைத்துவிடுகிறது. பிளவு முடியும் முனையிலும், ஒரு பிளவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் இடத்திலும், இரண்டு பிளவுகள் வெட்டிக்கொள்ளும் இடத்திலும்தான் சிறு வெடிப்புகள் நெருக்கமாகி, திறந்தே இருக்கின்றன. அங்குள்ள வெந்நீர்க் களங்களில் பெரும்பாலானவை அந்த மாதிரி இடங்களில்தான் உள்ளன. ஆக ஒரே பிளவின் மீதே நல்ல கிணறும் வறண்ட கிணறும் அடுத்தடுத்து அமையலாம்.

கண்ணுக்குத் தெரியாத பிளவு உயிருக்கும் உடைமைக்கும் ஆபத்தாக முடிவதும் உண்டு. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்துக்கு அடியில் 2006 டிசம்பரில் நீரை அழுத்தியபோது 3.4 ரிக்டர் அளவில் அதிர்ந்தது, திட்டம் கைவிடப்பட்டது. தென் கொரியாவின் போஹாங்கில் 2017 நவம்பர் 15 அன்று சுமார் 5.5 அளவில் நிலநடுக்கம் வந்து பலர் காயமடைந்தார்கள், கட்டடங்கள் சேதமாயின. அரசு அமைத்த குழு 2019ல், அங்கே தெரியாமல் இருந்த ஒரு பிளவுக்குள் செலுத்திய நீர் அழுத்தம் போய்ச் சேர்ந்ததே அதைத் தூண்டியது என்று முடிவு சொன்னது. கிணறு தோண்டும்போதே தோண்டு சேறு (தோண்டும் துளைக்குள் சுற்ற விடும் குழம்பு) பாறைக்குள் தொலைந்துபோவது, நொறுங்கிய துகள்கள் மேலே வருவது எல்லாம் பிளவு இருப்பதற்கான அடையாளங்கள். அவற்றை உற்பத்திக்கு நல்ல செய்தி என்று மட்டும் படிக்காமல் எச்சரிக்கையாகவும் படிக்க வேண்டும். இதில் எந்தச் சமாதானமும் நான் ஏற்க மாட்டேன். ஊர் மக்கள் மேலே தூங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

வெப்பநிலைக் கணக்கிலும் நீரோட்டம் குழப்பம் செய்யும். சூல்ட்ஸில் முதல் கிலோமீட்டரில் வெப்பம் 100 டிகிரிக்கு மேல் கூடியது. அதே வேகத்தில் போனால் 3 கிலோமீட்டரில் 300 டிகிரி இருக்க வேண்டும். ஆனால் ஒன்றிலிருந்து மூன்றரை கிலோமீட்டர் வரை கிலோமீட்டருக்கு ஐந்து டிகிரி அளவுக்குத்தான் கூடியது, ஏனென்றால் அங்கே வெடிப்புகளில் நீர் மேலும் கீழும் சுழன்று வெப்பத்தைக் கலக்கிவிட்டிருந்தது. ஆழமில்லாத கிணற்றில் அளந்த வெப்ப உயர்வைக் கோடு போட்டு நீட்டிப் பார்ப்பது எவ்வளவு தவறாகும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. எதிர்ப்பக்க ஆச்சரியமும் நடக்கும். ஐஸ்லாந்தின் கிராப்லாவில் 2009ல் நாலரை கிலோமீட்டர் ஆழம் போகத் திட்டமிட்ட கிணறு, 2.1 கிலோமீட்டரிலேயே பாறைக்குழம்பில் போய் நின்றது.

மென்மையான பாறையும் தன் பங்குக்கு வேலை காட்டும். நியூசிலாந்தின் வைராகேயில் 1958லிருந்து நீரை எடுக்க எடுக்க அழுத்தம் குறைந்தது. அழுத்தம் குறைந்தது பரந்த பகுதியில், ஆனால் நிலம் பெரிதாகத் தாழ்ந்தது ஒரு சிறு பகுதியில் மட்டும், சுமார் 15 மீட்டர் அளவுக்கு. அந்த இடத்துக்கு அடியில் எளிதில் நசுங்கும் சேற்றுப்பாறை தடிமனாக இருந்ததுதான் காரணம்.

இதையெல்லாம் தோண்டாமல் தெரிந்துகொள்ள முடியாதா என்று கேட்பீர்கள். ஓரளவு முடியும். வெந்நீர்க் களங்களுக்கு மேலே களிமண் கனிமங்கள் மூடியாக உருவாகும், அவை மின்சாரத்தை எளிதில் கடத்தும், அதனால் நிலத்தடி மின்தடையை அளந்து அந்த மூடியின் வடிவத்தைப் பிடித்துவிடலாம். சுமார் 200 டிகிரிக்கு மேல் அந்தக் களிமண் வேறு கனிமமாக மாறி மின்தடை கூடும் என்பதால், மூடியின் அடிப்பகுதி எங்கே முடிகிறது என்பது வெப்பத்தின் அடையாளமாகவும் பயன்படும். ஒரு சிக்கல் என்னவென்றால், களம் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் குளிர்ந்து போயிருந்தாலும் களிமண் அப்படியே இருக்கும். படம் அழகாக இருக்கும், கீழே சூடு இருக்காது. அதனால் ஒரே ஒரு அளவீட்டை நம்பி யாரும் தோண்டக் கூடாது. உலக வங்கிக் குழுமத்தின் சர்வதேச நிதிக் கழகம் 2013ல் 2,600க்கும் மேற்பட்ட கிணறுகளின் விவரத்தைத் தொகுத்தது. அதில் ஆய்வுக் கட்டக் கிணறுகளில் சுமார் 59 சதவீதமும், களம் ஓடத் தொடங்கிய பிறகு தோண்டியவற்றில் சுமார் 83 சதவீதமும் வெற்றி பெற்றன. ஒவ்வொரு கிணறும் பாறையைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டுப் போகிறது, அடுத்ததை அதை வைத்துத் தோண்டுகிறார்கள் என்பது இந்த எண்களில் தெரிகிறது.

கணினி மாதிரி போடுபவர்களிடம் நான் எதிர்பார்ப்பதும் இதை ஒட்டியதுதான். ஒரே ஒரு நிலத்தடிப் படத்தை வரைந்து, அதில் 30 ஆண்டுக் கோடு ஒன்றைப் போட்டுக் காட்டினால் அதற்கு மதிப்பு குறைவு. கிணறுகளில் கிடைத்த தகவலோடு ஒத்துப்போகும் நூறு வேறு வேறு படங்களை உருவாக்கி, நூற்றிலும் ஓட்டிப் பார்த்து, வெப்பம் எந்த ஆண்டில் சரியத் தொடங்குகிறது என்ற பரவலைக் காட்ட வேண்டும். சில படங்களில் 8 ஆண்டில் சரியும், சிலவற்றில் 40 ஆண்டும் தாங்கும் என்று வந்தால், அந்த அகலம்தான் முதலீட்டாளருக்குத் தெரிய வேண்டிய செய்தி. பிறகு சாயச் சோதனை ஒன்று செய்தால் அந்த நூறில் பாதிக்கு மேல் தாமாகவே கழிந்துவிடும்.

ஆகவே ஏதாவது ஒரு புவிவெப்பத் திட்டத்தைப் பற்றிப் படிக்கும்போது வெப்பநிலை எத்தனை டிகிரி என்ற எண்ணோடு நிறுத்தாதீர்கள். விநாடிக்கு எத்தனை லிட்டர், எத்தனை நாள் ஓட்டிப் பார்த்தார்கள், கிணற்றுக்குள் நீர் எத்தனை இடங்களில் நுழைகிறது, அதில் பெரிய ஒன்று மட்டும் எத்தனை சதவீதம் கொண்டுவருகிறது, சாயம் விட்டுப் பார்த்தார்களா, எத்தனை நாளில் வந்தது, இவற்றைத் தேடிப் பாருங்கள். இவை எல்லாம் அறிக்கையில் இருந்தால் அந்தத் திட்டக்காரர்கள் தங்கள் பாறையைத் தெரிந்துவைத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். ஒன்றுமே இல்லாமல் 200 டிகிரி என்று மட்டும் பெரிதாகப் போட்டிருந்தால், அவர்கள் இன்னொரு கிணறு தோண்டும் வரை நான் காத்திருப்பேன்.